இலையை அச்செடுக்கும் மாணவர்

சித்திரக் கல்லூரியில் பயிலும் ஒரு மாணவரோ மாணவியோ, தூரிகையையும் வர்ணங்களையும் ஒருபுறம் வைத்துவிட்டு, மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் இலைகளைப் பொறுக்கி வந்து, அவற்றின்மீது மை பூசிக் காகிதத்தில் ஒற்றியெடுப்பதையும், துணிக்குள் வைத்துச் சுருட்டிக் கட்டி ஆவியில் வேகவைப்பதையும், பனையோலையைக் கிழித்து முடைந்து பார்ப்பதையும் கண்டால், பெற்றோர்களுக்கு மட்டுமன்றி ஆசிரியர்களிலும் சிலருக்கு உள்ளூர ஒரு விசனம் உண்டாகிறது. ஆரம்பப் பள்ளிக் குழந்தைகள் பொழுதுபோக்காகச் செய்யும் காரியத்திற்கு நான்கு வருஷப் பட்டப் படிப்பு எதற்கு என்று அவர்கள் கேட்கிறார்கள். இந்த அப்பியாசம் விளையாட்டன்று என்பதும், கண்ணுக்கும் கைக்கும் இதைவிடக் கண்டிப்பான ஆசிரியர் கிடைப்பது அரிது என்பதும், நம் கலைக் கல்லூரிகள் இதற்குக் கௌரவமான ஓர் இடம் தரவேண்டும் என்பதும் என் உறுதியான அபிப்பிராயம்.

ஓர் இலையை ஒழுங்காக அச்செடுக்க முயன்றவர்களுக்கே அதன் சிரமம் தெரியும். மரத்திலிருந்து அப்பொழுதே பறித்த இலை அச்சுப்பொறியின் பாரத்தில் நசுங்கிச் சாறு கக்கிக் காகிதத்தைக் கெடுத்துவிடும். முற்றும் உலர்ந்த சருகோ உருளை பட்ட மாத்திரத்தில் நொறுங்கிப் போகும். பழைய செய்தித்தாள்களுக்கு இடையே வைத்து மேலே பாரம் ஏற்றி, ஈரம் பாதி வற்றி, ஆனாலும் வளைந்து கொடுக்கும் பக்குவத்தில் எடுத்த இலைதான் காரியத்திற்கு உதவும். நரம்புகள் புடைத்து நிற்பது இலையின் அடிப்பக்கத்திலாதலால் மையை அந்தப் பக்கத்தில்தான் ஏற்றவேண்டும். கண்ணாடிப் பலகையில் மையைப் பரப்பி, ரப்பர் உருளையால் மெல்லிய படலமாக ஏற்றும்பொழுது, மை சற்றே மிகுந்தாலும் சிறு நரம்புகளின் இடைவெளியெல்லாம் அடைபட்டு இலை வெறும் கரும் திட்டாக விழும். குறைந்தாலோ நடுநரம்பைத் தவிர ஒன்றும் விழாது. முதல் பிரதியை எடுத்தபின் மறுபடி மை பூசாமல், எஞ்சியிருக்கும் சொற்ப மையைக்கொண்டே எடுக்கும் இரண்டாவது பிரதியில், முதல் பிரதியில் மறைந்திருந்த சூக்ஷ்மமான நரம்புகளும் பூச்சி அரித்த துவாரங்களும் தெளிவாக எழுந்து வருவதைக் காணும் மாணவர், பொறுமைக்கும் மிதத்திற்கும் உள்ள மதிப்பை எந்தப் பிரசங்கமும் இல்லாமலே உணர்ந்துவிடுகிறார்.

இதனால் கண்ணுக்கு ஏற்படும் லாபம் இன்னும் பெரிது. வேப்பிலையை நாம் பிறந்தது முதல் பார்த்து வருகிறோம். ஆயினும் அதன் ஒரு சிற்றிலையை ஞாபகத்திலிருந்து வரையச் சொன்னால், நடுநரம்பின் இரு பக்கத்தையும் ஒன்றுபோலவே வரைபவர்கள்தாம் நம்மில் பெரும்பாலோர். உண்மையில் அடிப்பாகத்தில் ஒரு பக்கம் அகன்றும் மறுபக்கம் குறுகியும், இலை முழுவதும் ஒருபுறமாகச் சற்றே வளைந்தும் இருக்கிறது என்பது, அதை அச்செடுத்துப் பார்க்கும்போது மறுக்கமுடியாத பிரத்தியட்சமாகிறது. ஆமணக்கிலையின் காம்பு இலையின் ஓரத்தில் வந்து சேராமல் பரப்பின் உட்புறத்திலேயே பொருந்தி, அந்த இடத்திலிருந்து நரம்புகள் நாற்புறமும் விரிந்து செல்வதையும், அரசிலையின் பக்க நரம்புகள் ஓரத்தை நெருங்கியதும் வளைந்து ஒன்றோடொன்று கைகோத்துக்கொள்வதையும், வாழையிலையின் நரம்புகளோ நடுத்தண்டிலிருந்து ஓரம்வரை பக்கம் பக்கமாகவே ஓடி முடிவதால் காற்று அதை அவ்வளவு சுலபமாகக் கிழித்துவிடுவதையும் கண்டறிந்த ஒருவர், இனி ஒரு மரத்தை வரையும்போது பச்சை வர்ணத்தை அப்பி வைத்துவிட்டு இலை என்று திருப்தியடைய மாட்டார்.

இலை தன்னைத்தானே வரைந்துகொள்கிறதே, இதில் கலைஞருடைய பங்கு என்ன என்று ஓர் ஆட்சேபம் எழுவதுண்டு. இந்தக் கேள்விக்கு வயது அதிகம். லியோனார்டோ டா வின்சி, விளக்குக் கரியையும் எண்ணெயையும் கொண்டு இலையை அச்செடுக்கும் முறையைத் தம் குறிப்பேட்டில் எழுதி, அந்தப் பக்கத்திலேயே ஓர் இலையின் அச்சையும் பதித்து வைத்திருக்கிறார். அது இன்றும் மிலான் நகரத்து அம்புரோசியானா நூலகத்தில் இருக்கிறது. 18-ஆம் நூற்றாண்டில் அமெரிக்கக் குடியேற்றங்களுக்குக் காகிதப் பணம் அச்சிட்டுக் கொடுத்த பெஞ்சமின் பிராங்க்ளின், எவ்வளவு கைதேர்ந்த செதுக்காளராலும் ஓர் இலையின் நரம்பமைப்பை அப்படியே போலி செய்ய இயலாது என்பதைக் கண்டு, மெய்யான இலைகளின் பதிவை உலோகத்தில் வார்த்து நோட்டுகளின் முதுகில் அச்சிட்டார். வியன்னாவின் அரசாங்க அச்சகத்தில் அலோய்ஸ் அவுவர் என்பவர், தாவரங்களை ஈயத் தகட்டின்மேல் வைத்து உருளைகளுக்கிடையே அழுத்தி அவற்றின் உருவத்தை அத்தகட்டிலேயே பதியவைக்கும் முறையை 1850-களில் விருத்தி செய்ய, ஹென்றி பிராட்பரி அதே முறையில் பிரிட்டன், அயர்லாந்து தேசங்களின் பெரணிச் செடிகளைப் பற்றிய பெரிய நூலை 1855-இல் அச்சிட்டு வெளியிட்டார். விஞ்ஞானத்திற்கும் வர்த்தகத்திற்கும் உபயோகப்பட்ட இந்தப் பயிற்சி கலைக்கு மட்டும் பயன்படாது என்று எப்படிச் சொல்வது?

ஆட்சேபத்தில் ஓர் உண்மையும் இருக்கிறது. அதை மறைக்க நான் விரும்பவில்லை. ஓர் அழகான இலையை அழகாக ஒற்றியெடுத்துச் சட்டமிட்டு மாட்டுவதோடு மாணவர் நின்றுவிட்டால், அவர் பாதி வழியில் நின்றவரே ஆவார். அந்த இலை அவருக்குள் வேறொன்றாக மாறவேண்டும். எந்த இலையின்மேல் எந்த இலை விழவேண்டும், எங்கே வெற்றிடம் விடவேண்டும், எங்கே பதிவை வேண்டுமென்றே மழுக்கவேண்டும் என்று தீர்மானிக்கிற இடத்தில்தான் அவருடைய கலை தொடங்குகிறது. சித்தூருக்கு அருகே பிறந்து, சாந்திநிகேதனத்தில் பயின்று, சென்னைக் கலாக்ஷேத்திரத்தில் சில காலம் ஓவியம் கற்பித்து, பின்னர் பாரிஸில் ஹேட்டர் என்ற அச்சுக்கலைஞரின் கூடத்தில் பணியாற்றிய கிருஷ்ணா ரெட்டி, மையின் பிசுபிசுப்பில் உள்ள வித்தியாசத்தையும் உருளைகளின் மென்மையில் உள்ள வித்தியாசத்தையும் பயன்படுத்தி ஒரே தகட்டிலிருந்து பல வர்ணங்களை ஒரே சமயத்தில் அச்செடுக்கும் முறையை வளர்த்தவர்களுள் முதன்மையானவர். பூச்சி, மீன், நீர்ச்சுழல் என்று அவர் எடுத்துக்கொண்டவை யாவும் இயற்கைப் பொருள்களே. அவற்றை அவர் நகல் எடுக்கவில்லை, அவை வளரும் விதத்தையும் அசையும் விதத்தையும் தகட்டுக்குள் கொண்டுவந்தார். இலையிடம் பயிலும் மாணவர் சென்றுசேர வேண்டிய இடம் அதுவே.

தமிழ் மாணவருக்கு இவ்விஷயத்தில் விசேஷமான ஒரு பூர்வீக சொத்து உண்டு. நம் முன்னோர்கள் பனையோலையைப் பாடம் செய்து, எழுத்தாணியால் அதில் கீறி, கீறிய இடம் கண்ணுக்குத் தெரியும்படி கரியையும் பச்சிலைச் சாற்றையும் தடவி, மேற்பரப்பைத் துடைத்துவிடுவார்கள். மை கீறலுக்குள் மட்டும் தங்கி எழுத்து கறுத்துத் தோன்றும். இன்று அச்சுக்கலை வகுப்பில் எட்சிங் என்று கற்பிக்கப்படும் முறையில், செம்புத் தகட்டிலோ துத்தநாகத் தகட்டிலோ அமிலத்தால் ஏற்பட்ட பள்ளங்களில் மையை நிரப்பி மேற்பரப்பைத் துடைத்தெடுக்கும் கிரியையும் இதுவேதான். அங்கே ஈரக் காகிதத்தை மேலே வைத்து அழுத்தி மையை வெளியே இழுக்கிறார்கள். இங்கே ஓலையே காகிதமாகவும் தகடாகவும் இருந்துவிட்டது. எனக்குத் தெரிந்தவரையில் இந்த ஒற்றுமையை வகுப்பறையில் எடுத்துச் சொல்பவர்கள் அதிகமில்லை. கும்பகோணத்தில் இருக்கும் அரசு கவின் கலைக் கல்லூரி மாணவர்களுக்குத் தஞ்சைச் சரசுவதி மகால் நூலகம் ஒரு காலைப் பயணத் தூரத்தில்தான் இருக்கிறது. அங்குள்ள ஓலைச் சுவடிகளை நூலாக மட்டும் கருதாமல், மையும் கீறலும் சேர்ந்து செய்த கலைப்பொருளாகவும் அவர்கள் சென்று பார்க்கவேண்டும்.

துணியில் இலையைப் பதிக்கும் கைத்தொழிலும் நமக்கு அந்நியமன்று. தேக்கின் கொழுந்திலையைக் கையில் வைத்துக் கசக்கினால் இரத்தம்போல் சிவப்பதைக் கிராமத்துப் பிள்ளைகள் அறிவார்கள். மருதாணியை அறியாத வீடு இல்லை. திண்டிவனத்தைச் சுற்றியுள்ள பிரதேசத்தில் அவுரி இன்றும் பயிராகிறது. தஞ்சை வட்டாரத்துக் கருப்பூரிலும் சிக்கல்நாயக்கன்பேட்டையிலும் வழங்கிவந்த கலம்காரிச் சம்பிரதாயத்தில், கடுக்காய்ச் சாறு ஏற்றிய துணியில் இரும்புக் கரைசல் பட்டவுடன் கறுப்பு எழுகிறதே, அதே ரசாயனந்தான், துவர்ப்புள்ள இலையை இரும்புநீரில் நனைத்துத் துணியில் வைத்து ஆவியில் அவிக்கும்போது இலையின் உருவத்தைக் கருஞ்சாம்பல் நிறத்தில் விட்டுச் செல்கிறது. நீலகிரியில் மிகுதியாக உள்ள தைல மரத்து இலைகளோ, கம்பளியிலும் பட்டிலும் செம்மஞ்சள் நிறத்தைப் பதிக்க வல்லவை.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியமாகிறது. இப்படிச் செய்த துணிகளைச் சிறிதும் ரசாயனமற்றவை என்று சொல்லி விற்கும் வழக்கம் பெருகிவருகிறது. இது சத்தியத்திற்கு ஒத்ததன்று. படிக்காரமும் இரும்புக் கரைசலும் ரசாயனங்களே. மயில்துத்தத்தைக் கையாள்பவர்கள் அது விஷப்பொருள் என்பதையும், அதன் கழிவுநீரை மண்ணில் கொட்டலாகாது என்பதையும் அறிந்திருக்கவேண்டும். இலையின் பச்சை துணியில் நிலைக்காது. மஞ்சள் கிழங்கின் நிறம் வெயிலில் வெளுத்துவிடும். வாங்குபவரிடம் இவற்றை மறைக்காமல் சொல்லும் நேர்மையையும் மாணவர் தம் தொழிலோடு சேர்த்தே கற்கவேண்டும். மரத்தை மொட்டையடிக்காமல் உதிர்ந்த இலையை எடுத்துக்கொள்வதும் அந்த நேர்மையைச் சேர்ந்ததே.

ஜீவனோபாயத்தைப் பற்றிக் கவலைப்படும் பெற்றோர்கள் சென்னையின் கலைச் சரித்திரத்தைச் சற்று நினைத்துப் பார்க்கட்டும். இன்று எழும்பூரில் இருக்கும் அரசு கவின் கலைக் கல்லூரி, 1850-இல் அலெக்ஸாண்டர் ஹண்டர் என்ற வைத்தியரால் தொடங்கப்பட்ட காலத்தில், கைத்தொழிலும் சித்திரமும் ஒரே கூரையின்கீழ் பயிலப்பட்ட இடமாகவே இருந்தது. அதே கல்லூரியின் தலைவராயிருந்த கே.சி.எஸ். பணிக்கரின் முயற்சியில் 1966-இல் கடற்கரை ஓரத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் எழுந்தபோது, அதற்கு ஆதாரமாக நின்றது ஓவியர்கள் தங்கள் கையால் செய்து விற்ற பாத்திக் துணி முதலான கைவினைப் பொருள்களின் வருமானமே. பகலில் துணிக்கு வர்ணமேற்றியதால் அவர்களுடைய ஓவியம் தாழ்ந்துவிடவில்லை. சோற்றுக்காகப் பிறர் கைகளை எதிர்பார்க்க வேண்டியிராததால், விரும்பியதை வரையும் சுதந்திரம் அவர்களுக்கு இருந்தது. அப்படியிருக்க, பின்வந்த நாம் கவின்கலை என்றும் கைவினை என்றும் இரண்டு பந்திகளை வகுத்து, இரண்டாவது பந்தியில் உட்காருகிறவரைக் குறைவாக மதிக்கக் கற்றுக்கொண்டது பெரும் பிசகு.

கல்லூரித் தலைவர்களையும் கலை பண்பாட்டுத் துறையினரையும் நான் கேட்டுக்கொள்வது அதிகமன்று. அச்சுக்கூடங்கள் வகுப்பு நேரம் முடிந்ததும் பூட்டப்படாமல் மாலையிலும் திறந்திருக்கட்டும். ஓவியம், சிற்பம் பயில்பவர்களும் அங்கே தடையின்றி நுழையட்டும். செட்டிநாட்டில் ஓலைக் கொட்டான் முடையும் பெண்களையும், கலம்காரிக் குடும்பங்களின் பெரியவர்களையும், ஒருநாள் கௌரவ விருந்தினராக அழைத்து மாலை போட்டு அனுப்பிவிடாமல், ஒரு பருவம் முழுவதும் சம்பளம் கொடுத்து ஆசிரியர்களாக அமர்த்தட்டும். பக்கத்துக் கல்லூரியிலிருந்து தாவரவியல் அறிந்த ஒருவர் மாதம் ஒருமுறை வந்து மாணவர்களுடன் தோட்டத்தைச் சுற்றி வரட்டும். சென்னை கிரீம்ஸ் சாலையிலுள்ள லலித்கலா அகாடமியின் பிராந்திய நிலையத்தில் அச்சுக்கலைக்கென்றே கூடங்கள் இருக்கின்றன. மதுரையிலும் கோயம்புத்தூரிலும் திருநெல்வேலியிலும் அத்தகைய பொதுக் கூடம் ஒவ்வொன்றை அரசாங்கம் அமைத்துக் கொடுக்கட்டும். பெற்றோர்களோ, அடுத்த முறை தங்கள் பிள்ளை இலையும் மையுமாக உட்கார்ந்திருக்கக் கண்டால், அந்தப் பிரதியைக் கையில் வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, அதன் நரம்புகளை ஒருமுறை நிதானமாகப் பார்த்துவிட்டு, அதன் பிறகு தங்கள் அபிப்பிராயத்தைச் சொல்லட்டும்.