தெளிவு எங்கிருந்து வருகிறது?

ஆந்தை என்றதும் நம்மில் பலர் முகம் சுளிக்கிறோம். கூரைமேல் அது அலறினால் என்ன கேடு வருமோ என்று அஞ்சுவோரும் உளர். ஆயினும், அதனை அருகிலிருந்து எடுத்த நல்ல புகைப்படம் ஒன்றைக் கண்டால் அந்த அச்சம் வியப்பாக மாறிவிடுகிறது. நம்மையே நேராக நோக்கும் இரு பெரிய விழிகள், அவற்றைச் சூழ்ந்த மெல்லிறகு வட்டம், எண்ணிவிடலாம் போன்று தெரியும் இறகிழைகள்! இத்தெளிவு எங்கிருந்து வருகிறது?

இங்கிலாந்து நாட்டவரான எரிக் ஹாஸ்கிங் பறவைகளைப் படமெடுப்பதையே தொழிலாகக் கொண்டவர். 1937ஆம் ஆண்டு வேல்ஸ் நாட்டில், பழுப்பு நிறக் காட்டாந்தை ஒன்றின் கூட்டருகே அவர் மறைவிடம் அமைத்திருந்தார். ஓரிரவு அங்குச் சென்றபோது, ஓசையின்றிப் பறந்து வந்த தாய்ப்பறவை அவர் முகத்தில் மோதியது. அதன் நகம் இடக்கண்ணில் பாய்ந்தது. மருத்துவர்கள் அக்கண்ணையே அகற்ற நேர்ந்தது. அப்போது அவருக்கு வயது 27.

வேறொருவராயின் ஆந்தை இனத்தையே வெறுத்திருப்பார். ஹாஸ்கிங்கோ எஞ்சிய ஒரு கண்ணோடு மீண்டும் ஆந்தைகளையே நாடிச் சென்றார். எலியைக் கவ்வியபடி சிறகுகளை உயர்த்தி நிற்கும் கூகையை அவர் எடுத்த படம் உலகப் புகழ் பெற்றது. 1982இல் ஆந்தைகளுக்கென்றே ஒரு நூலும் வெளியிட்டார். 1991இல் அவர் மறையும்வரை பறவைகள்மீது கொண்ட அன்பு குறையவில்லை. தன் குஞ்சுகளைக் காத்த தாயிடம் குற்றம் காண்பது எங்ஙனம்?

அவரைப் போன்றோர் கையாண்ட முறை பொறுமையே. மறைவுக் கூடாரத்தை முதலில் தொலைவில் நாட்டுவர். பறவை அதற்குப் பழகியபின் நாள்தோறும் சிறிது சிறிதாக நெருங்குவர். இருளிலே கருவி சற்றே அசைந்தாலும் படம் கலங்கும். மிக அருகில் எடுக்கும்போது விழி தெளிந்தால் அலகு மங்கும். அலகு தெளிந்தால் விழி மங்கும். எனவே, கருவியை முக்காலியில் நிறுத்தி, விழியையே குறிவைத்துக் காத்திருக்க வேண்டும்.

இக்காலத்தில் கணிப்பொறியில் படத்தைக் கூர்மையாக்கும் வசதி உண்டு. இதன் வேர் பழைய இருட்டறையிலேயே இருக்கிறது. அக்காலத்தில் மூலத்தகட்டின் மங்கலான பிரதி ஒன்றை எடுத்து, இரண்டையும் பொருத்தி அச்சிட்டார்கள். இன்று கணிப்பொறியும் ஏறத்தாழ இதையே செய்கிறது. ஒளியும் நிழலும் சந்திக்கும் விளிம்பில், ஒளிப்பக்கத்தை இன்னும் ஒளிரச் செய்து, நிழற்பக்கத்தை இன்னும் இருளச் செய்கிறது. நம் கண் அதனைக் கூர்மை என உணர்கிறது. அளவு மிஞ்சினாலோ இறகைச் சுற்றி வெள்ளைக் கோடு படர்ந்து, உயிருள்ள பறவை வெட்டி ஒட்டிய தாள்போல் ஆகிவிடும். பதிந்ததை எடுத்துக்காட்ட அக்கருவிக்கு இயலும். பதியாத இறகிழையைப் படைக்க இயலாது.

இதை அறிந்தும் சிலர் குறுக்குவழி தேடுகின்றனர். உயிருள்ள எலியை எறிந்து ஆந்தையை வரவழைக்கின்றனர். கூட்டை மறைக்கும் கிளைகளை ஒடிக்கின்றனர். கிளை ஒடிந்த கூடு காக்கையின் கண்ணில் எளிதில் படும். தாய் விலகிய குஞ்சு குளிரில் விறைக்கும். படமோ தெளிவாகத்தான் இருக்கும்!

இன்று நம் பிள்ளைகள் கையிலும் கைப்பேசிக் கருவி இருக்கிறது. பொந்திலே ஆந்தையைக் கண்டதாக அவர்கள் ஓடிவந்து சொன்னால் கடிந்துகொள்ள வேண்டாம். கல்லெறியவும் விட வேண்டாம். அவர்களோடு சென்று, தொலைவில் நின்று பார்ப்போம். ஆந்தை இறகுகளைச் சிலிர்த்து அலகைச் சொடுக்கினால், "போதும், இன்னும் நெருங்காதே" என்பதே அதன் பொருள் என்று சொல்லிக்கொடுப்போம். அப்போது ஓரடி பின்வாங்கும் பிள்ளை, படம் மங்கலாக இருப்பினும், ஆந்தையைத் தெளிவாகக் கண்ட பிள்ளையே ஆகும்.