வெள்ளி ரூபாய்க்கு எத்தனை மார்க்?

நம் சங்க அன்பர்கள் பலர் வீட்டில், ஊரிலிருந்து வந்த டிரங்குப் பெட்டியின் அடியில் நாலு வெள்ளி ரூபாயாவது இருக்கும். அவற்றைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கூடவே எனக்கும் என் மகனுக்கும் நடக்கும் ஒரு வழக்கையும் உங்கள் முன் வைக்கிறேன்.

என் தாய்வழிப் பாட்டனார் தாலுகா கஜானாவில் குமாஸ்தா. 1918-ஆம் வருட ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய்கள் ஐந்தை, புதிதாக வந்தபோதே வாங்கிக் காகிதத்தில் பொதிந்து வைத்திருந்தார். கை மாறாத காசுகள். அம்மா வழியாக என்னிடம் வந்தன. கரக்பூர் குவார்ட்டர்ஸில் இருந்தபோது ஒரு வருடம், வரலட்சுமி நோன்புக் கலசத்தில் போடப் பளிச்சென்று இருக்கட்டுமே என்று விபூதி போட்டு நானே தேய்த்தேன். நான்கு முடிந்தது. ஐந்தாவது பொட்டலத்து மடிப்பில் சிக்கியிருந்ததால் கண்ணில் படவில்லை; தப்பித்தது.

பிறகுதான் நாணயம் பற்றிப் படித்தேன். அச்சு அழுத்தும்போது உலோகம் விளிம்பை நோக்கி வழிந்தோடுகிறது. அந்த ஓட்டத்தின் நுண்ணிய வரிகள்தான் புதுக்காசின் மினுமினுப்பு. விளக்கடியில் சாய்த்துத் திருப்பினால் வெளிச்சம் வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால் போலச் சுழலும். தேய்த்தால் வரிகள் போய்விடும், போனது திரும்பாது. என் நான்கு ரூபாயும் நன்றாகவே பளபளக்கின்றன, ஆனால் வெளிச்சம் சுழல்வதில்லை. உலோகத்தோடு பிழைப்பு நடத்தியவன் செய்த காரியம் இது!

காசுக்கு மார்க் போடும் முறை அமெரிக்காவிலிருந்து வந்தது. 1949-இல் வில்லியம் ஷெல்டன் என்பவர் அந்நாட்டுப் பழைய செப்பு சென்ட்டுகளுக்காக 1 முதல் 70 வரை அளவுகோல் வகுத்தார். கை மாறாத காசுக்கு 60 முதல் 70 வரை. 1980-களில் அங்குள்ள நிறுவனங்கள் மார்க் போட்டு, பிளாஸ்டிக் உறையில் அடைத்துத் தர ஆரம்பித்தன. இன்று நம் ரூபாய்களும் அந்த உறையில் வருகின்றன. (1918-ஆம் வருடப் பிட்மன் சட்டத்தின்படி அமெரிக்கா தன் வெள்ளி டாலர்களில் 27 கோடியை உருக்கியது. பெரும்பகுதி பிரிட்டன் வழியாக இங்கே ரூபாய் அடிக்க வந்தது. ஆக, அவர்கள் மார்க் போடுவதிலும் ஒரு நியாயம் இருக்கிறது.)

அறுபதுக்கு மேல் பெரிதும் பார்ப்பது காயங்களை. நாணயச் சாலையில் காசுகள் குவியலாக விழுந்து, மூட்டையில் ஒன்றோடொன்று இடித்துக்கொண்ட தழும்புகள். மன்னரின் கன்னத்தில் இருந்தால் மார்க் குறையும். அங்கியின் வேலைப்பாட்டில் ஒளிந்திருந்தால் தப்பும். பொலிவையும் சேர்த்துத்தான் பார்க்கிறார்கள். ஆனால் எல்லாம் ஒரே எண்ணில் கரைந்துவிடுகிறது. கண்ணுக்கு இனிய காசுக்கு எண்ணோடு ஒரு நட்சத்திரமும் தருகிறது ஒரு நிறுவனம். எண் மட்டும் போதவில்லை என்று அவர்களே ஒப்புக்கொண்டது போல!

கொல்கத்தாவில் ஒரு நாணயக் கண்காட்சியில் இரண்டு 1918 ரூபாய்களை அருகருகே பார்த்தேன். ஒன்று 64. தழும்பு தேட வேண்டும். ஆனால் ஈயத்தட்டு மாதிரி உயிரில்லாமல் இருந்தது. மற்றது 62. கன்னத்தில் ஒரு கீறல். ஆனால் விளிம்பில் பொன்மஞ்சள், உள்ளே மெல்லிய நீலம், நடுவில் வெளிச்சம் சுழல்கிறது. காற்றிலும் காகிதத்திலும் உள்ள கந்தகம் பல வருடங்களில் வெள்ளிமேல் ஏற்றிய நிறம். விலையும் குறைவு. வாங்கி வந்தேன்.

"அப்பா, நாளைக்கு விற்கணும்னா, வாங்கறவன் உங்க கண்ணால பார்ப்பானா? நம்பரைத்தான் பார்ப்பான்" என்கிறான் மகன்.

அவன் சொல்வதிலும் உண்மை உண்டு. ரசாயனத்தால் நிறமேற்றி ஏமாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். புதிதாகச் சேர்ப்பவருக்கு அந்த உறை ஒரு காவல். ஆனால் கேஜ் வைத்துப் பார்த்த வேகன் சக்கரத்தையும் சுத்தியலால் தட்டி, காது கொடுத்துக் கேட்டவர்களிடம் வேலை கற்றவன் நான். இரண்டு காசு ஒரே எண்ணில் இருந்தால் கண்ணுக்குப் பிடித்ததை வாங்குங்கள். எண் ஒன்றிரண்டு குறைந்தாலும் அப்படியே செய்யலாம் என்பேன்.

வீட்டில் இருப்பதைத் தயவுசெய்து தேய்க்காதீர்கள். புளி, விபூதி, பல்பொடி எதுவும் வேண்டாம். விளிம்பைப் பிடித்து எடுங்கள். மெத்தென்ற பி.வி.சி. உறையில் போட்டால் நாளடைவில் பச்சைப் பிசின் படியும்.

அந்த ஐந்தாவது ரூபாயில் மயில்கழுத்து நிறம் ஏறியிருக்கிறது. மார்க் போட அனுப்பலாம் என்று மகன் நச்சரிக்கிறான். இன்னும் அனுப்பவில்லை. நோன்பு வந்தால் என் மனைவி தேய்த்த நான்கை மட்டும் கேட்டு வாங்கிக்கொள்கிறாள்.