பெயரற்ற சிப்பாய்

இராஜபாளையத்துக்கு மேற்கே மலையடிவாரத்திலுள்ள அய்யனார் கோவிலை நமது வாசகர்களில் பலர் பார்த்திருக்கலாம். நீர்காத்த அய்யனார் என்று அவருக்குப் பெயர். பட்டாளத்துக்குப் போகும் பிள்ளை உயிரோடு திரும்ப வேண்டுமென்று நமது தாய்மார்கள் இப்படிப்பட்ட காவல் தெய்வங்களிடந்தான் நேர்ந்து கொள்ளுகிறார்கள். பிள்ளை வந்தால் சாமியின் மகிமை என்கிறார்கள். வராவிட்டாலோ அவன் தலைவிதி என்கிறார்கள். லாபம் சாமிக்கும் நஷ்டம் செத்தவனுக்கும் என்கின்ற இந்தக் கணக்கு எந்த வியாபாரத்தில் செல்லும் என்று கேட்கின்றோம். தாயின் துக்கத்தை நாம் பரிகசிக்கவில்லை. அத்துக்கத்தை வைத்துப் பிழைப்பவர்களையே கேட்கின்றோம்.

நிற்க, அந்நிய மண்ணில் மாண்ட நமது வாலிபர்களுக்கு உலகம் செய்த மரியாதைதான் என்ன? வேலூர் மணிக்கூண்டில் ஒரு கல் இருக்கின்றது. 1914 முதல் 1918 வரை நடந்த பெரிய யுத்தத்துக்கு இவ்வூரிலிருந்து 277 பேர் போனார்களென்றும், அவர்களில் 14 பேர் உயிர் கொடுத்தார்களென்றும் அதில் வெட்டியிருக்கின்றது. அந்த 14 பேர் யார்? எண்ணிக்கை இருக்கின்றதே ஒழிய பெயர் இல்லை.

மெசபட்டோமியாவில் மாண்டவர்களுக்காக 1929ல் பாஸ்ராவில் திறந்த ஞாபகச் சின்னத்திலோ, வெள்ளைக்காரரில் சாதாரண சிப்பாய்க்கும் பெயர் வெட்டினார்கள். இந்தியரில் அதிகாரிகளுக்கு மட்டுமே பெயர். சிப்பாய்களுக்குப் பட்டாளத்தின் பெயரும் தலைக்கணக்குந்தான். குண்டு தோலின் நிறம் பார்த்துப் பாயவில்லை. கல் மாத்திரம் பார்த்தது. இப்படிப்பட்ட வித்தியாசங்கள் தவறென்று யுத்தக் கல்லறைக் கமிஷன் 2021ல்தான் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது.

ஆனால் வெள்ளைக்காரனைக் குறைசொல்ல நமக்கு யோக்கியதை உண்டா? 1917ல் யுத்தத்துக்கு ஆள் வேண்டியிருந்தபோது மகர் ஜாதியாருக்குத் தனிப் பட்டாளம் ஏற்படுத்தினார்கள், 1921ல் கலைத்துவிட்டார்கள். குண்டுக்கு முன் இல்லாத தீட்டு, ஊர் திரும்பியதும் வந்துவிட்டது. 1927ல் மகாட் பொதுக்குளத்தில் ஒரு கை தண்ணீர் குடித்ததற்காக டாக்டர் அம்பேத்கரைப் பின்பற்றிச் சென்ற அம்மக்கள் அடிபட வேண்டியிருந்தது. நீர் காக்கும் தெய்வங்கள் நிறைந்த இத்தேசத்தில், தண்ணீர் யாரிடமிருந்து யாருக்காகக் காக்கப்பட்டது என்பதை வாசகர்களே யோசிக்கட்டும்.

பழமையைப் புகழ்வது நமது வழக்கமல்ல. ஆனாலும் தேனி ஜில்லா புலிமான்கோம்பையில் 2006ல் கிடைத்த நடுகற்களில் ஒன்றைச் சொல்லவேண்டும். அது இரண்டாயிரம் வருஷத்துக்கு மேற்பட்டது. மாடு பிடிச் சண்டையில் மாண்ட ஒருவனுக்கு நட்ட அக்கல்லில் அந்தவன் என்று அவன் பெயர் இருக்கின்றது. அச்சடிக்கும் இயந்திரமும் ஆபீசும் இல்லாத காலத்தில் செய்த காரியத்தை ஒரு சாம்ராஜ்யம் செய்யவில்லை. நாமோ பல நடுகற்களில் பெயரை மறந்துவிட்டு, கல்லுக்குப் பொங்கல் வைத்துப் பூசாரிக்குத் தட்சணை கொடுக்கப் பழகினோம்.

ஆகவே, படையில் மாண்ட வாலிபனுக்குப் படையல் போடுவதைவிட, அவன் பெயரையும் வயதையும் மாண்ட இடத்தையும் ஊர்ப் பள்ளிக்கூடச் சுவரில் எழுதுங்கள். அவன் மனைவிக்குப் பென்ஷன் ஒழுங்காக வருகின்றதா, குழந்தை படிக்கின்றதா என்று விசாரியுங்கள். சாமியாக்கப்பட்டவனைப் பற்றி எவரும் கணக்குக் கேட்பதில்லை. மனிதனாக நினைக்கப்படுகின்றவனைப் பற்றித்தான், இவனை யார் அனுப்பினார், எதற்காக அனுப்பினார் என்று ஊரார் கேட்பார்கள்.