வெறுங்கால் மேல் பழி போடாதீர்கள்

உலகக் கோப்பை நெருங்கினால் போதும், அந்தக் கதையும் கூடவே கிளம்பிவிடும். கேளம்பாக்கத்தில் ஓ.எம்.ஆர். ஓரமாகவும் வண்டலூர் சாலையிலும் வலை கட்டி விளக்குப் போட்ட டர்ஃப் மைதானங்கள் இருக்கின்றன. ஷிஃப்ட் முடிந்து இரவில் ஆட வரும் இளைஞர்கள், ஷூவுக்குள் புகுந்த கறுப்பு ரப்பர் துகள்களைத் தட்டிக் கொட்டிக்கொண்டே அதைச் சொல்வார்கள்: "1950லயே நாம வேர்ல்டு கப் ஆடியிருக்கணும். ஷூ போடாம ஆடக் கூடாதுன்னு ஃபிஃபா சொல்லிடுச்சு, அதான் போகல." வினாடி வினாவில் இது கேள்வியாக வருகிறது. வாட்ஸ்அப்பில் கறுப்பு வெள்ளைப் படத்தோடு வருகிறது. படித்தவர்களும் நம்புகிறார்கள், விளையாட்டுச் செய்தி எழுதுபவர்களும் நம்புகிறார்கள்.

கதை நன்றாகத்தான் இருக்கிறது. புதிதாக விடுதலை பெற்ற ஏழை நாடு, காலணி இல்லாத வீரர்கள், கதவைச் சாத்திய வெள்ளைக்காரச் சட்டம். ஆனால் அது உண்மை இல்லை. அதில் அடங்கியிருக்கும் ஒவ்வொரு கூற்றையும் தனித்தனியாக எடுத்துப் பார்த்தால், பழி எங்கே போய்ச் சேர வேண்டும் என்பது தெரியும்.

முதல் கூற்று, வெறுங்காலோடு ஆடக் கூடாது என்று ஃபிஃபா தடுத்தது என்பது. இதற்கு எதிரான சாட்சி ஆடுகளத்திலேயே இருக்கிறது. 1948 ஜூலை 31 அன்று லண்டன் ஒலிம்பிக்கில், இல்ஃபோர்டின் கிரிக்கிள்ஃபீல்டு மைதானத்தில் இந்தியா பிரான்சைச் சந்தித்தது. இறங்கிய பதினொருவரில் எட்டுப் பேருக்குக் காலில் பூட்ஸ் கிடையாது. நடுவர் யாரையும் வெளியே அனுப்பவில்லை. பிரான்ஸ் முதலில் ஒரு கோல் போட்டது. 70ஆவது நிமிடத்தில் சாரங்கபாணி ராமன் அதைச் சமன் செய்தார். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியாவின் முதல் கோல் அதுதான். கிடைத்த இரண்டு பெனால்டிகளும் வீணாயின. சைலேன் மன்னாவும் மகாவீர் பிரசாத்தும் ஆளுக்கொன்று தவறவிட்டார்கள். கடைசி நேரத்தில் பிரான்ஸ் இன்னொரு கோல் போட்டு 2-1 என்று தப்பித்தது. வரதராஜ், வஜ்ரவேலு, தன்ராஜ் என்று தென்னிந்தியப் பெயர்கள் நிறைந்த அணி அது. தாலிமெரென் ஆவ் என்ற நாகா மருத்துவர் அதன் கேப்டன்.

1948இல் விட்டுவிட்டு அதன்பின் தடை போட்டார்கள் என்று சிலர் கதையைக் காப்பாற்றப் பார்ப்பார்கள். அதற்கும் இடமில்லை. 1952 ஜூலை 15 அன்று ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில், குளிர் நடுக்கும் ஊரில், இந்திய வீரர்களில் பலர் மறுபடியும் வெறுங்காலோடுதான் யூகோஸ்லாவியாவை எதிர்கொண்டார்கள். 1950இல் தடை இருந்திருந்தால் 1952இல் அவர்களை யார் இறக்கிவிட்டிருப்பார்கள்? அந்த ஆட்டத்தில் இந்தியா 10-1 என்று தோற்றது. அந்தத் தோல்விக்குப் பிறகுதான் பூட்ஸ் கட்டாயம் ஆனது. அதைக் கட்டாயமாக்கியதும் நம் அகில இந்தியக் கால்பந்து சம்மேளனமே.

இரண்டாவது கூற்று, நம்மவர்களுக்குப் பூட்ஸ் போட்டு ஆடத் தெரியாது, வாங்கவும் வசதியில்லை என்பது. வெறுங்கால் ஆட்டம் அன்றைய கல்கத்தாவின் வழக்கம். இல்லாமையால் மட்டும் வந்ததல்ல. 1911இல் கிழக்கு யார்க்‌ஷயர் படைப்பிரிவை 2-1 என்று வென்று ஐ.எஃப்.ஏ. ஷீல்டைத் தட்டிச் சென்ற மோகன் பாகான் அணியில் பூட்ஸ் போட்டவர் ஒரே ஒருவர். பந்தைக் காலோடு ஒட்டி வைத்துக்கொண்டு நெளிந்து போகும் ஆட்டத்துக்குப் பாதத்தின் தோலே போதும் என்று நம்பிய தலைமுறை அது. கேளம்பாக்கத்திலிருந்து கோவளம் பக்கம் இறங்கினால் கடற்கரை மணலில் பையன்கள் இன்றும் அப்படித்தான் பந்தைத் தட்டுகிறார்கள். பூட்ஸ் போடுபவர்களும் அணியில் இருந்தார்கள். லண்டனில் மூன்று பேர் போட்டே ஆடினார்கள். ஓர் அணியே கப்பலேறாமல் நிற்கும் அளவுக்கு அது தடையாக இருக்கவில்லை.

மூன்றாவது, காசில்லை என்ற வாதம். இதில் கொஞ்சம் நியாயம் இருப்பதுபோல் தெரியும். போட்டி நடந்த பிரேசில் தூரம்தான். துருக்கி தகுதி பெற்றும் செலவைக் காட்டி விலகியது. ஆனால் இந்தியாவின் பயணச் செலவில் பெரும்பகுதியை ஏற்க பிரேசில் தரப்பு முன்வந்திருந்தது. ஃபிஃபாவிலும் போட்டியை நடத்தியவர்களிடமும் இந்தியா வர வேண்டும் என்ற ஆர்வம் இருந்தது. ஆசியாவிலிருந்து வேறு அணி இல்லை. இத்தாலி அணிகூடக் கப்பலில்தான் போனது. 1949 மே மாதம் சுபெர்காவில் நடந்த விமான விபத்தில் டொரினோ அணி மொத்தமாக மாண்ட துயரம் அவர்களை விமானத்திலிருந்து விலக்கி வைத்திருந்தது. வாரக்கணக்கில் கடலில் போயும் ஆடினார்கள்.

இந்தியச் சம்மேளனம் அன்று சொன்ன காரணம் வேறு. அணித் தேர்வில் கருத்து வேறுபாடு, பயிற்சிக்குப் போதிய நேரம் இல்லை. பூட்ஸ் பற்றி அதில் பேச்சே இல்லை. அந்தக் கால அணியின் தூணாக இருந்த சைலேன் மன்னாவும் பிற்காலப் பேட்டிகளில் வெறுங்கால் காரணத்தை ஏற்கவில்லை. ஒலிம்பிக்தான் எல்லாம் என்று இருந்த காலம், உலகக் கோப்பையின் பெருமை எங்களுக்குத் தெரியாது என்பதே அவர் சொன்னதன் சாரம். நம்ப முடிகிற விளக்கம்தான். 1930, 1934, 1938 என மூன்றே முறை நடந்த போட்டி. அடுத்து உலகப் போரால் பன்னிரண்டு ஆண்டு இடைவெளி. ஸ்காட்லாந்து தகுதி பெற்றும், பிரிட்டிஷ் சாம்பியனாக இல்லாமல் போவதில்லை என்ற வீம்பில் வீட்டிலேயே இருந்தது. பிரான்ஸ் அழைப்பை ஏற்றுவிட்டு, பிரேசிலுக்குள்ளேயே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் அலைய வேண்டும் என்று பின்வாங்கியது. கடைசியில் பதின்மூன்று அணிகளோடு போட்டி நடந்தது. அந்த நாடுகளில் யாரும் இதற்காக ஒரு காவியம் கட்டவில்லை. எங்கள் சங்கம் எடுத்த முடிவு என்று சொல்லி ஏற்றுக்கொண்டார்கள்.

இங்கே இன்னொரு வாதமும் வரும், கொஞ்சம் விவரம் தெரிந்தவர்களிடமிருந்து. உலகக் கோப்பையில் ஆடினால் தொழில்முறை ஆட்டக்காரர் என்று முத்திரை விழும், ஒலிம்பிக் கதவு மூடிவிடும் என்று பயந்து சம்மேளனம் ஒதுங்கியதாம். அப்படி ஒரு பயம் இருந்திருக்கலாம். ஆனால் அது வீண் பயம் என்பதற்கு யூகோஸ்லாவியாவே சாட்சி. 1948 ஒலிம்பிக்கில் வெள்ளி வென்ற அந்த அணி 1950இல் பிரேசிலுக்குப் போனது. அங்கே மரக்கானா மைதானத்தில், கட்டி முடியாத கட்டடத்தின் இரும்புச் சட்டத்தில் தலை இடித்து, ராய்கோ மிடிச் காயத்துக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு தாமதமாகக் களமிறங்கினார். அதே மிடிச் 1952இல் ஹெல்சிங்கிக்கும் வந்தார், யூகோஸ்லாவியா மறுபடி வெள்ளி வென்றது. இந்தியாவுக்கு எதிராக விழுந்த அந்தப் பத்துக் கோல்களில் அவர் காலும் பட்டிருக்கிறது. ஸ்வீடனும் அப்படித்தான்: 1948 ஒலிம்பிக் தங்கம், 1950 உலகக் கோப்பையில் மூன்றாம் இடம், 1952 ஒலிம்பிக் வெண்கலம். உலகக் கோப்பைக்குப் போன அணிகளுக்கு ஒலிம்பிக் கதவு மூடவில்லை. போகாத நமக்குத்தான் அந்த இரண்டு ஆண்டு அனுபவம் இல்லாமல் போனது. ஹெல்சிங்கியில் அது தெரிந்தது.

கதைக்கு நான்காவதாக ஒரு வால் உண்டு: போயிருந்தால் கலக்கியிருப்போம் என்பது. இதில் நாட்டுப்பற்று இருக்கிறது, கணக்கு இல்லை. தகுதிச் சுற்றில் நம்மோடு இருந்த பர்மா, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் மூன்றும் விலகியதால், ஒரு ஆட்டமும் ஆடாமலே கிடைத்த இடம் அது. குலுக்கலில் விழுந்த பிரிவில் ஒலிம்பிக் சாம்பியன் ஸ்வீடன், இரண்டு முறை உலகக் கோப்பை வென்ற இத்தாலி, பராகுவே. பெரிய தோல்விகள் வந்திருக்க வாய்ப்பு உண்டு. இன்னொரு பக்கம், அதே போட்டியில்தான் அமெரிக்காவின் பகுதிநேர ஆட்டக்காரர்கள் இங்கிலாந்தை 1-0 என்று சாய்த்தார்கள். பிரான்சைக் கடைசி நிமிடங்கள் வரை திணறடித்த அணி பிரேசிலில் என்ன செய்திருக்கும் என்பதை இனி யாரும் சொல்ல முடியாது. சொல்ல முடிவது ஒன்று: தோற்றிருந்தாலும் 1952க்குள் பாடம் படித்திருப்பார்கள்.

எல்லாவற்றையும்விடக் கேடு செய்யும் கூற்று கடைசியில் இருக்கிறது. நமக்குக் கிடைத்த ஒரே வாய்ப்பு அது, அதோடு எல்லாம் போயிற்று என்கிறார்கள். உண்மையில் அதன் பிறகுதான் இந்தியக் கால்பந்தின் நல்ல காலமே தொடங்குகிறது. 1951 மார்ச்சில் டெல்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டுப் போட்டியில், சாகு மேவாலால் அடித்த ஒரே கோலில் ஈரானை வென்று தங்கம். 1956 மெல்போர்னில் நெவில் டிசோசாவின் ஹாட்ரிக்கோடு ஆஸ்திரேலியாவை 4-2 என்று அதன் சொந்த மண்ணில் தோற்கடித்து அரையிறுதி. ஆசியாவிலிருந்து ஒலிம்பிக் கால்பந்தில் அதுவரை எந்த அணியும் அங்கே போனதில்லை. 1960 ரோமில் பிரான்சோடு 1-1. அந்த அணியில் தஞ்சாவூர்க்காரர் சைமன் சுந்தர்ராஜும் இருந்தார். பின்னாளில் கேரளத்துக்கு 1973இல் முதல் சந்தோஷ் கோப்பையை வாங்கித் தந்த பயிற்சியாளர் அவர். தமிழ்நாட்டில் அவர் பெயரைக் கேட்டால் எத்தனை பேருக்குத் தெரியும்?

இவற்றுக்கெல்லாம் பின்னால் இருந்தவர் ஹைதராபாத்தின் சையது அப்துல் ரஹீம். பள்ளி ஆசிரியராக இருந்து பயிற்சியாளரானவர். ஹெல்சிங்கிக்குப் பின் பூட்ஸ் போட்ட அணியை வைத்துக்கொண்டுதான் அவர் மெல்போர்னிலும் ஜகார்த்தாவிலும் சாதித்தார். காலணி ஒரு சிக்கலாக இருந்தது என்றே வைத்துக்கொண்டாலும், சில ஆண்டுகளில் அது தீர்ந்துவிட்டது.

அப்படியென்றால் உலகக் கோப்பை? இந்தியா 1954க்கு விண்ணப்பித்தது, ஃபிஃபா ஏற்கவில்லை. அதன்பின் பல ஆண்டுகள் சம்மேளனம் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. 1962ஐ மட்டும் எடுத்துப் பார்த்தாலே வயிறு எரியும்.

அந்த ஆண்டு செப்டம்பர் 4, ஜகார்த்தா. ஆசிய விளையாட்டுப் போட்டியின் இறுதியாட்டம், எதிரே தென்கொரியா. இஸ்ரேலையும் தைவானையும் போட்டிக்கு அழைக்காததை இந்தியாவின் ஜி.டி.சோந்தி கண்டித்திருந்ததால் உள்ளூர்க் கூட்டம் கொந்தளித்துப்போய், இந்திய அணியைக் கூச்சலிட்டு வரவேற்றது. தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் தையல். பந்தைத் தலையால் தடுக்கும் வேலை வேண்டாம் என்று ரஹீம் அவரை முன்வரிசைக்கு அனுப்பினார். பிரிவு ஆட்டத்தில் இதே தென்கொரியா இந்தியாவை 2-0 என்று வென்றிருந்தது. உடல்நிலை சரியில்லாமல் இருந்த பீட்டர் தங்கராஜ் இறுதியாட்டத்தில் கோல்கீப்பராகத் திரும்பினார். 17ஆவது நிமிடத்தில் பி.கே.பானர்ஜி. மூன்று நிமிடம் கழித்து, தலையில் கட்டோடு ஜர்னைல். கொரியா கடைசியில் ஒன்றைத் திருப்பியும் 2-1 என்று இந்தியாவுக்குத் தங்கம். கேப்டன் சுனி கோஸ்வாமி.

இதற்கு ஓராண்டுக்கும் குறைவான காலத்துக்கு முன்புதான் தென்கொரியா, 1962 சிலி உலகக் கோப்பைக்கான கடைசிக் கட்டத்தில் யூகோஸ்லாவியாவிடம் தோற்று வெளியேறியிருந்தது. அந்தக் கட்டத்துக்கு வர அது வென்றது ஜப்பானை. ஜகார்த்தாவில் ஜப்பானையும் இந்தியா 2-0 என்று வென்றது. ஆக, ஆசியத் தகுதிச் சுற்றில் சிலிக்குப் போக முயன்று ஆடிய இரண்டு அணிகளும் அதே ஆண்டில் இந்தியாவிடம் தோற்றவை. அந்தத் தகுதிச் சுற்றுப் பட்டியலில் இந்தியாவின் பெயர் இல்லை. ரஹீம் அப்போதே புற்றுநோயின் பிடியில் இருந்தார். 1963 ஜூன் 11 அன்று காலமானார்.

மக்கள்தொகையையும் ஏழ்மையையும் காட்டி இதை மூட முடியாது. 2026 உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்ற குராசோ தீவின் மக்கள் எல்லோரையும் சேர்த்தாலும் தாம்பரம் மாநகராட்சிக்குள் வாழ்பவர்களின் எண்ணிக்கை வராது. அதே உலகக் கோப்பைக்கான சுற்றில் இந்தியா கத்தார், குவைத்துக்குப் பின்னால் மூன்றாவதாக நின்றது. கவுகாத்தியில் ஆப்கானிஸ்தானிடம் 2-1 என்று தோற்றது. எல்லோர் காலிலும் நல்ல பூட்ஸ் இருந்தது. வெறுங்கால் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கும்வரை, யார் விண்ணப்பிக்கவில்லை, யார் பயிற்சிக்கு நேரம் ஒதுக்கவில்லை என்ற கேள்விகளிலிருந்து சம்மேளனத்தின் நாற்காலிகள் தப்பித்துக்கொண்டே இருக்கும். டர்ஃபில் கதை பேசும் பையன்கள் கேட்க வேண்டிய கேள்விகள் அவைதான்.

1958, 1962, 1966, 1970 என்று அணிக்குத் தெம்பு இருந்த ஆண்டுகள் ஒவ்வொன்றாகப் போயின. உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் இந்தியா முதன்முறையாக ஆட இறங்கியது 1985இல், மெக்சிகோ போட்டிக்காக. தன் பிரிவில் இந்தோனேசியாவுக்குப் பின்னால் இரண்டாவதாக முடித்து வெளியேறியது. ஜகார்த்தாவில் தோற்ற தென்கொரியா அதே சுற்றைத் தாண்டி மெக்சிகோ போனது. அன்றிலிருந்து ஒரு உலகக் கோப்பையையும் தவறவிடவில்லை.