வாயில்லாப் பிராணிக்கும் பத்தியம் உண்டு

போன மாதம் நம் சங்கத்துக் கூட்டம் முடிந்து காபி குடித்துக்கொண்டிருந்தபோது பழைய நண்பர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "என்ன சார், இன்னுமா அந்த நோயாளி நாயை வைத்துக்கொண்டு கஷ்டப்படுகிறீர்கள்? எங்காவது கொண்டுபோய் விட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாமே!"

அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. மூன்று முறை நாங்கள் ஊர்ப் பயணத்தை ரத்து செய்ததும், அவர் மகள் கல்யாணத்துக்கு என் மனைவி வர முடியாமல் போனதும் அவருக்குத் தெரியும். அந்த இடத்தில் சிரித்து மழுப்பிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு, ஒழுங்காகப் பதில் சொல்லியிருக்க வேண்டும் என்று தோன்றியது. அந்தப் பதில்தான் இந்தக் கட்டுரை. இப்போது நம்மவர்கள் பலர் வீட்டில் நாய் வளர்வதால் மற்றவர்களுக்கும் இது பயன்படலாம்.

எங்கள் மணி வெள்ளை நிறப் பொமரேனியன். 2017இல் என் மகள் அடம்பிடித்து வாங்கி வந்த குட்டி. நாங்கள் இருப்பது டோம்பிவிலியில் மூன்றாவது மாடி ஃபிளாட்டில். 2019இல் அப்பா காலமான பிறகு அம்மா அம்பாசமுத்திரத்து வீட்டைப் பூட்டிவிட்டு எங்களோடு வந்துவிட்டார்கள். அம்மாவுக்குத் தமிழைத் தவிர வேறு மொழி தெரியாது. நாங்கள் மூவரும் காலையில் லோக்கல் ரயிலைப் பிடிக்க ஓடிவிட்டால் மாலை வரை அம்மாவுக்குத் துணை மணிதான். ஊர்க்கதை முழுவதையும் அதனிடம்தான் சொல்வார்கள். அதுவும் தலையைச் சாய்த்துக்கொண்டு கேட்கும்.

2021 மழைக்காலத்தில் மணிக்கு வயிறு கெட ஆரம்பித்தது. முதலில் இளகலாகப் போயிற்று, பிறகு சளி போலப் போயிற்று. வாரத்தில் இரண்டு நாள் விடியற்காலையில் மஞ்சளாக வாந்தி. பக்கத்தில் இருந்த ஒரு டாக்டரிடம் காட்டினோம். ஊசி போட்டு, ஐந்து நாளைக்கு மாத்திரை கொடுத்தார். சரியாயிற்று. பத்து நாளில் மறுபடியும் வந்தது. மறுபடியும் ஊசி, மாத்திரை. இப்படி நான்கு முறை. நடுவில் எங்கள் கை வைத்தியம் வேறு: ஓமத் தண்ணீர், பெருங்காயம் போட்ட மோர். ஆறு கிலோ இருந்த நாய் நாலரைக் கிலோவுக்கு வந்துவிட்டது. தடவிக் கொடுத்தால் முதுகெலும்பு கையில் தட்டுப்பட்டது.

அந்த வருடத் தீபாவளிக்கு மறுநாள் இரவு அது எழுந்திருக்கவில்லை. ஈறு வெளுத்து, கண் உள்ளே போய், தண்ணீர் வைத்தாலும் கக்கியது. ஆட்டோவில் மடியில் போட்டுக்கொண்டு ஓடினோம். இரண்டு நாள் டிரிப்ஸ் ஏற்றித்தான் பிழைக்க வைத்தார்கள். அங்கிருந்த இளம் டாக்டர் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது. சின்ன நாய்க்கு உடம்பில் சேமிப்பு குறைவு. பெரிய நாய் இரண்டு நாள் தாங்குகிற வாந்தி பேதியைச் சின்ன நாய் அரை நாள்கூடத் தாங்காது என்றார்.

அவர்தான் முதல் முறையாக உட்கார வைத்து விளக்கினார். வாந்தியோ பேதியோ மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தாலும், விட்டு விட்டு வந்தாலும் அது நாட்பட்ட நோய். ஒவ்வொரு முறையும் புதிதாக வந்ததுபோல மாத்திரை கொடுத்தால் தீராது. அடிக்கடி ஆன்டிபயாடிக் கொடுத்தால் குடலில் இருக்க வேண்டிய நல்ல கிருமிகளும் சேர்ந்து கெடும். முதலில் மலத்தைப் பரிசோதித்துப் புழுவும் ஜியார்டியாவும் இல்லை என்று பார்க்க வேண்டும். பிறகு ரத்தப் பரிசோதனை, வயிற்றுக்கு ஸ்கேன். கணையம், கல்லீரல், சிறுநீரகம் நன்றாக இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுத்தான் குடல் பக்கம் வர வேண்டும். மணிக்குக் குடலில்தான் அழற்சி. பி12 வைட்டமினும் மிகவும் குறைந்திருந்தது.

இப்படிப்பட்ட நாய்களில் பெரும்பாலானவை உணவை மாற்றினாலே தேறிவிடும், சிலவற்றுக்கு மட்டும்தான் ஸ்டீராய்டு போன்ற மருந்து வேண்டியிருக்கும் என்றார் டாக்டர். அதற்கென்று ஒரு தீவனம் இருக்கிறது. அதில் புரதத்தை மிகச் சிறிய துண்டுகளாக உடைத்திருப்பார்கள். குடல் அதை எதிரியாக நினைத்துச் சண்டைக்குப் போகாது. "இரண்டு வாரம் இது மட்டும்தான். வேறு ஒரு துணுக்குகூட வாயில் போகக் கூடாது" என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார். அந்தத் தீவனத்தின் விலையைப் பார்த்து எனக்கு மயக்கம் வராத குறைதான். ஆனாலும் வாங்கினோம்.

இரண்டு வாரம் ஆயிற்று. ஒரு முன்னேற்றமும் இல்லை. இன்னும் இரண்டு வாரம் பார்த்தோம். அப்போதும் இல்லை. தீவனம் ஏமாற்று வேலை என்று நான் முடிவே கட்டிவிட்டேன். டாக்டர் கோபப்படாமல், "வீட்டில் யார் யார் என்ன கொடுக்கிறார்கள் என்று ஒரு நாள் மட்டும் எழுதிக்கொண்டு வாருங்கள்" என்றார்.

எழுதிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. காலையில் காபி குடிக்கும்போது நான் இரண்டு மேரி பிஸ்கட் போடுகிறேன். அது எனக்கே நினைவில்லாத அளவுக்குப் பழக்கம். மகள் தன் டோஸ்டிலிருந்து ஒரு துண்டு சீஸ். கீழே போனால் வாட்ச்மேன் பாவைப் பிய்த்துப் போடுகிறார். எதிர்வீட்டுக் குஜராத்தி அம்மா நெய் தடவிய ரொட்டி. மத்தியானம் அம்மா, நெய் விட்டுப் பிசைந்த பருப்புச் சாதத்தில் நாலு உருண்டை. ஐந்து கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு வேண்டியது ஏறக்குறைய 350 கலோரி. நான்கு மேரி பிஸ்கட்டிலேயே சுமார் 100 கலோரி போய்விடும். நாம் ஒரு துணுக்குதானே என்று நினைப்பது அதன் கணக்கில் ஒரு வேளைச் சாப்பாடு. ஆளுக்கு ஒரு வாயாக எல்லோரும் சேர்ந்துதான் அதன் வயிற்றைக் கெடுத்துக்கொண்டிருந்தோம்.

ஆனால் நான் கோபப்பட்டது அம்மாவிடம் மட்டும். "நீங்கதான் அதைக் கொல்லப் போறீங்க" என்று சொல்லிவிட்டேன். அம்மா ஒன்றும் பேசவில்லை. அன்று இரவு சாப்பிடவும் இல்லை. மறுநாள் நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தபோது சொன்னார்கள்: "ஏய்யா, இந்த ஊருல நான் பேசினா நின்னு கேக்குறது அது ஒண்ணுதான். எங்கையால அது ஒரு வாய் வாங்கித் தின்னாத்தான் எனக்குச் சாப்பிட்ட மாதிரி இருக்கு."

எனக்கு மிகவும் வெட்கமாகப் போய்விட்டது. அம்மாவைத் துணைக்கு ஆளில்லாமல் விட்டது நான். அந்த இடத்தை நிரப்பியது நாய். இப்போது அதற்கும் ஊட்டக் கூடாது என்று சட்டம் போடுவதும் நானே.

வழி கண்டுபிடித்தது என் மனைவி. "அத்தை, இவருக்குச் சின்ன வயசில மஞ்சள் காமாலை வந்தப்ப யார் பத்தியம் பாத்தா?" என்று கேட்டாள். "வேற யாரு, நான்தான். மூணு வாரம் எண்ணெய் வாசனையே காட்டலையே. இவங்க அப்பா ரகசியமா வடை வாங்கிட்டு வந்தாங்க, வாசல்லயே திருப்பி அனுப்பிச்சேன்" என்றார்கள் அம்மா. "அப்ப மணிக்கும் நீங்களே பத்தியம் பாருங்க. நாங்க யாரும் குறுக்க வர மாட்டோம்" என்றாள் மனைவி.

அன்றிலிருந்து அளவுக் கிண்ணமும் நோட்டுப் புத்தகமும் அம்மாவின் கையில். ஒரு நாளைக்கு உரிய தீவனத்தை நான்காகப் பிரித்து, அந்தந்த நேரத்துக்குக் கொடுப்பார்கள். அதில் ஒரு பங்கைத் தட்டில் போடாமல் தன் கையாலேயே ஒவ்வொன்றாக ஊட்டுவார்கள். ஊட்டுகிற கை அதேதான், ஊட்டுகிற பொருள்தான் வேறு. என் காபி நேரத்து பிஸ்கட் டப்பா அலமாரியின் மேல்தட்டுக்குப் போய்விட்டது. பூச்சி மருந்துகூடக் கோழி வாசனை சேர்க்காததாகத்தான் வாங்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதை நான் மறந்தேன், அம்மா மறக்கவில்லை. வாட்ச்மேனிடமும் எதிர்வீட்டம்மாவிடமும் சொல்வதற்காகப் பேத்தியிடம் கேட்டு ஒரு மராத்தி வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொண்டார்கள்: "காஹீ தேஊ நகா." ஒன்றும் கொடுக்காதீர்கள் என்று அர்த்தம். அம்மா கற்றுக்கொண்ட முதல் மராத்தி வாக்கியம் அதுதான். எதிர்வீட்டம்மா அதைக் கேட்டுச் சிரித்து உள்ளே கூப்பிட்டார். இப்போது இருவரும் ஆளுக்கொரு மொழியில் பேசிக்கொண்டு சாயங்காலம் ஒன்றாக உட்காருகிறார்கள்.

மூன்றாவது வாரத்தில் மணிக்கு மலம் கட்டியாயிற்று. பி12 ஊசியும் வாரம் ஒன்றாகப் போட்டார்கள். எடை மெல்ல ஏறி ஐந்தரைக் கிலோவில் நிற்கிறது. முழுக்க குணமாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். வருடத்தில் ஒன்றிரண்டு முறை இன்னும் வயிறு கெடுகிறது. ஆனால் நோட்டைப் புரட்டினால் காரணம் பெரும்பாலும் தெரிந்துவிடுகிறது. முதல் நாளே டாக்டரிடம் போய்விடுகிறோம்.

இந்த அனுபவத்தில் நான் கண்டது ஒன்றுதான். மருந்து டாக்டர் கையில் இருக்கிறது, பத்தியம் வீட்டின் கையில் இருக்கிறது. வீட்டில் ஒருவர் தவறினாலும் மற்ற எல்லோருடைய உழைப்பும் வீண். பிள்ளை பெற்றவளுக்கும் காமாலை கண்டவனுக்கும் குடும்பமே சேர்ந்து பத்தியம் காத்த வழக்கம் நம்முடையது. அதை வாயில்லாப் பிராணிக்கும் செய்தால் போதும். இதில் வழக்கமாக ஊட்டுகிறவரைத் திட்டி விலக்கினால் ரகசியமாக ஊட்டுவார். அவரிடமே பொறுப்பைக் கொடுத்தால் அவரைவிடக் கண்டிப்பான காவல்காரர் கிடைக்க மாட்டார்.

வளர்ப்பவர்களுக்கு இன்னும் சில வார்த்தைகள். நம் சமையலறையில் நாய்க்கு ஆகாதவை பல. வெங்காயமும் பூண்டும் அதன் ரத்தச் சிவப்பணுக்களைக் கெடுக்கும். திராட்சையும், பாயசத்தில் போடும் உலர்திராட்சையும் சிறுநீரகத்தைப் பாதிக்கும். அதற்குக் காரணம் டார்டாரிக் அமிலமாக இருக்கலாம் என்று அமெரிக்கக் கால்நடை மருத்துவர்கள் சிலர் 2021இல் எழுதினார்கள். அதே அமிலம் நம் புளியிலும் உண்டு. ஆகவே சாம்பார் சாதமும் ரசம் சாதமும் வேண்டாம். நமக்கு வாங்கிய வலி மாத்திரை, காய்ச்சல் மாத்திரைகளைப் பாதியாக உடைத்துக் கொடுப்பது ஆபத்து. சாப்பாட்டை மாற்றுவதானால், டாக்டர் வேறு விதமாகச் சொல்லாதவரை, ஒரு வாரத்தில் சிறிது சிறிதாக மாற்ற வேண்டும். தீவனத்தின் விலை தாங்கவில்லை என்றால் வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். வீட்டிலேயே சமைக்கும் பத்தியச் சாப்பாட்டுக்கு அவரால் அளவு எழுதித்தர முடியும். பரிசோதனைகளுக்கு எங்கே போவது என்று கேட்பவர்களுக்கு: மும்பை பரேலில் 1886இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, ஊருக்குப் போனால் சென்னை வேப்பேரியில் 1903இல் தொடங்கிய கல்லூரி இருக்கிறது.

கோடை விடுமுறைதான் நம் போன்றவர்களுக்குப் பெரிய சோதனை. ரயிலில் நாயைக் கூடவே வைத்துக்கொள்ள வேண்டுமானால் முதல் வகுப்பில் கூப்பே முழுவதும் நம் பெயரில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பிரேக் வேனில் இருக்கும் நாய்ப் பெட்டி. வயிற்று நோய் உள்ள நாயை மே மாத வெயிலில் அந்தப் பெட்டியில் அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. ஆகவே இப்போது நாங்கள் முறை வைத்துப் போகிறோம். ஒரு முறை மனைவியும் மகளும், அடுத்த முறை நானும் அம்மாவும். சங்கத்தில் நாய் வளர்க்கும் நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து, ஊருக்குப் போகிறவர் வீட்டு நாயை மற்றவர் பார்த்துக்கொள்வது என்று ஓர் ஏற்பாடு செய்துகொண்டால் எவ்வளவோ நல்லது. நோட்டுப் புத்தகத்தையும் சேர்த்துக் கொடுத்தால் போதும், பத்தியம் தொடரும். விருப்பமுள்ளவர்கள் அடுத்த கூட்டத்தில் என்னிடம் சொல்லலாம்.

இனி நண்பருக்குப் பதில். நாயைத் தெருவில் பட்டினி கிடக்கும்படி விட்டுவிடுவது 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். ஆனால் நான் சட்டத்துக்குப் பயந்து மணியை வைத்திருக்கவில்லை. ஊரை விட்டு வந்த என் தாயாருக்கு இந்த ஊரில் முதலில் கிடைத்த உறவு அது. அதற்கு நோய் வந்தது அதன் குற்றமும் இல்லை. நாலு வேளை அளந்து போடுவதும், ஒரு நோட்டில் எழுதுவதும், சில கல்யாணங்களுக்குப் போக முடியாமல் போவதும் எங்களால் தாங்க முடியாத பாரமாக இல்லை. பாரம் தாங்காத குடும்பங்களும் இருக்கலாம். அவர்கள் நோயை மறைக்காமல் சொல்லி, பார்த்துக்கொள்ளக்கூடிய ஒருவரிடம் ஒப்படைக்கட்டும். தெருவில் மட்டும் விட வேண்டாம்.

நண்பர் பொங்கலுக்கு எங்கள் வீட்டுக்கு அவசியம் வர வேண்டும். சர்க்கரைப் பொங்கல் அவருக்கு நெய் மிதக்கக் கிடைக்கும். ஆனால் இலையிலிருந்து ஒரு பருக்கையும் மேசைக்குக் கீழே போகக் கூடாது. அம்மா பார்த்துக்கொண்டே இருப்பார்கள்.