சொல் தொலையும் இடங்கள்: வன்கொடுமை வழக்குகளும் முத்துக்குளித்துறையின் மொழிப்பாடமும்

2025 ஜனவரி 31 அன்று, திருச்சி மாவட்டம் லால்குடியில் பதிவான ஒரு வன்கொடுமை வழக்கை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. வருவாய்த் துறை ஊழியர் ஒருவர், தம் அலுவலகத்திலேயே சாதிப் பெயர் சொல்லி இழிவுபடுத்தப்பட்டதாக அளித்த முறையீடு அது. சம்பவம் அலுவலக அறைக்குள் நடந்தது என்றும், உடன் பணிபுரிவோர் அதன் பின்னரே வந்தனர் என்றும் முதல் தகவல் அறிக்கை கூறியது. எனவே 'பொதுமக்கள் பார்வையில் படும் இடம்' என்னும் சட்டக்கூறு நிறைவேறவில்லை என்று நீதிமன்றம் முடிவு செய்தது. உத்தரகாண்டிலிருந்து வந்த வழக்கு ஒன்றில் 2020இல் பயன்படுத்திய அதே அளவுகோல்தான் இது. அந்தத் தீர்ப்புகளின் சரியும் தவறும் தனி விவாதத்திற்குரியவை. காவல் நிலையத்தில் எழுதப்படும் ஓரிரு வாக்கியங்களே ஒரு வழக்கு சாட்சி விசாரணையை எட்டுமா என்பதைத் தீர்மானிக்கின்றன என்பதை இங்கு நாம் கவனிக்க வேண்டும்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவு 3(1)(ஆர்), பொதுமக்கள் பார்வையில் இழிவுபடுத்தும் நோக்குடன் அவமதிப்பதைக் குற்றமாக்குகிறது. பிரிவு 3(1)(எஸ்), சாதிப் பெயரால் வசைபாடுவதைக் குற்றமாக்குகிறது. கொலை வழக்கில் ஆயுதம் கைப்பற்றப்படும். இவ்வழக்குகளில் கைப்பற்ற வேண்டிய பொருள் சொல் மட்டுமே. அது எந்த வடிவில், எந்த இடத்தில், யார் காதில் விழும்படி சொல்லப்பட்டது என்பதே குற்றத்தின் உடல். அந்தச் சொல் தாளில் ஏறாவிட்டால் குற்றமே நடக்காதது போலாகிவிடும்.

தூத்துக்குடியின் உப்பளங்களில் தலித் பெண்கள் பலர் உழைக்கின்றனர். அவர்களில் ஒருவர் கூலியைக் கேட்டதற்காக வசைபாடப்பட்டார் என்று வைத்துக்கொள்வோம். காவல் நிலையத்தில் அவர் தம் ஊர்ப் பேச்சில், நடந்தது நடந்தபடி சொல்கிறார். 'ரைட்டர்' அதைத் தமக்குப் பழகிய வாய்பாட்டில் எழுதுகிறார்: "ஆபாசமாகவும் சாதிப் பெயரைச் சொல்லியும் திட்டினார்." எந்தச் சொல் என்பது இங்கே மறைந்துவிட்டது. வயதில் மூத்த ஒருவரை 'ஏட்டி', 'வாட்டி' என ஒருமையில் விளித்ததும், அருகில் உப்பு வாரிக்கொண்டிருந்தவர்கள் அதைக் கேட்டதும் மறைந்துவிட்டன. தமிழில் சாதி, வசைச்சொல்லில் மட்டும் வாழ்வதில்லை. 'நீ', 'நீங்கள்' என்ற தேர்விலும், வினைமுற்றின் விகுதியிலும், விளியிலும் அது வாழ்கிறது. அவற்றை நீக்கிவிட்டு எழுதப்படும் அறிக்கை, இழிவை நீக்கிவிட்டு இழிவைப் பற்றி எழுதிய அறிக்கையாகும்.

சட்டம் இதை அறியாததன்று. 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, வாய்மொழியாகச் சொன்னதை எழுதிய பின் அதை முறையீட்டாளருக்கு வாசித்துக் காட்டிய பிறகே கையொப்பம் பெற வேண்டும் என்பது பிரிவு 4 விதிக்கும் கடமை. பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ அல்லாத அரசு ஊழியர் இக்கடமையை வேண்டுமென்றே புறக்கணித்தால் 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. ஆனால் நிர்வாக விசாரணையின் பரிந்துரை இல்லாமல் அவர்மீது குற்றம் சுமத்த முடியாது. அந்தப் பரிந்துரையைத் தர வேண்டியதும் அதே நிர்வாகம்தான். கடமை ஏட்டில் உள்ளது, அதன் சாவி கடமை தவறியவரின் துறையில் உள்ளது.

ஒரு சொல் மாறினால் எல்லாம் மாறும் என்பதை இந்தக் கடற்கரை ஏறத்தாழ ஐந்து நூற்றாண்டுகளுக்கு முன்பே கண்டது. 1530களில் முத்துக்குளித்துறையின் பரதவர்கள் கத்தோலிக்கச் சமயத்தைத் தழுவினர். 1542இல் வந்த பிரான்சிஸ் சவேரியார், தமிழ் அறிந்த சிலரின் உதவியுடன் செபங்களை மொழிபெயர்த்து மனப்பாடம் செய்து கற்பித்தார். அதில் 'நம்புகிறேன்' என்று வரவேண்டிய இடத்தில் 'வேணும்' என்ற சொல் நின்றது. மக்கள் கடவுளை நம்புவதாகச் சொல்வதற்கு மாறாக, கடவுள் வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தனர். 1544இல் சவேரியார் தம் உடன்பணியாளருக்கு எழுதிய கடிதத்தில் அச்சொல்லை மாற்றி, விசுவாசத்தைக் குறிக்கும் சொல்லை இடும்படி அறிவுறுத்தினார்.

அவருக்குப் பின் வந்த அன்றீக்கே அன்றீக்கசு இன்னும் ஆழமாகச் சென்றார். யூத வழித்தோன்றல் என்பதற்காகப் பிரான்சிஸ்கன் சபையிலிருந்து நீக்கப்பட்டு, பின்னர் இயேசு சபையில் சேர்ந்தவர் அவர். பிறப்பின் பெயரால் வாயில் அடைக்கப்படுவது எத்தகையது என்பதை அறிந்தவர். மொழிபெயர்ப்பாளரை நம்பியிருக்காமல் தாமே தமிழ் கற்றார், போர்த்துகீசிய மொழியில் தமிழுக்கு இலக்கணம் எழுதினார். அந்த இலக்கணம் பண்டிதர் தமிழைக் காட்டிலும் அன்றைய கடற்கரைப் பேச்சையே பெரிதும் பதிவு செய்கிறது. ஜீன் ஹைன், வி. எஸ். ராஜம் ஆகியோரின் ஆங்கில மொழிபெயர்ப்புடன் அது 2013இல் வெளிவந்தது. அன்றீக்கசு மொழிபெயர்த்த 'தம்பிரான் வணக்கம்' 1578இல் கொல்லத்தில் 16 பக்கங்களில் அச்சானது. தமிழில் அச்சான நூல்களில் இன்று கிடைப்பவற்றுள் தமிழ் எழுத்தில் அமைந்த முதல் நூல் அதுவே.

இந்த வரலாற்றைப் போற்றிப் பாடுவது நமது நோக்கமன்று. சமயத்தைப் பரப்பவும், போர்த்துகீசியரின் பிடிக்குள் ஒரு கடற்கரையைக் கட்டிக்காக்கவும் இந்த மொழியறிவு பயன்பட்டது. சபையில் முதன்முதலாகச் சேர்க்கப்பட்ட இந்தியரான பெரோ லூயிஸ் ஒரு பார்ப்பனர், கடலில் மூழ்கி முத்தெடுத்தவர் அல்லர். மக்களின் மொழியைக் கற்பது வேறு, அம்மக்களோடு அதிகாரத்தைப் பகிர்வது வேறு. ஆயினும் ஒன்றை மறுக்க முடியாது. அன்று மொழி கற்கும் சுமையை அதிகாரத்தில் இருந்தவர் ஏற்றார். இன்று அச்சுமை முழுவதும் முறையீடு செய்ய வருபவர்மீது ஏற்றப்பட்டுள்ளது. காவல் நிலையத்தின் தமிழையும், வழக்குரைஞரின் ஆங்கிலத்தையும், நீதிமன்றத்தின் நடைமுறை மொழியையும் உப்பளத் தொழிலாளியே கற்றுக்கொண்டு வர வேண்டும் என்று அமைப்பு எதிர்பார்க்கிறது.

தூத்துக்குடியின் வழக்குகள் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குச் செல்லும்போது மொழி மீண்டும் மாறுகிறது. அரசமைப்பின் 348ஆம் உறுப்பு உயர் நீதிமன்றங்களின் மொழியாக ஆங்கிலத்தை வைத்துள்ளது. குடியரசுத் தலைவரின் இசைவுடன் மாநில மொழியையும் அனுமதிக்க அதில் இடமுண்டு. ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், பீகார் ஆகிய மாநிலங்களில் இந்திக்கு அந்த இடம் கிடைத்தது. 2006இல் தமிழக சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியும், 2012 அக்டோபரில் உச்ச நீதிமன்ற நீதிபதிகளின் முழு அமர்வு இத்தகைய கோரிக்கைகளை ஏற்கவில்லை.

உச்ச நீதிமன்றத்திலோ, தமிழ் ஆவணத்துக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு தேவை. மேல்முறையீடு செய்பவர் குற்றம் சாட்டப்பட்டவரானால், அந்த மொழிபெயர்ப்பைத் தாக்கல் செய்வதும் அவர் தரப்பே. 'நீ', 'நீங்கள்', 'வாடா', 'வாருங்கள்' ஆகிய நான்கையும் வேறுபடுத்திக் காட்டும் வசதி ஆங்கிலத்தில் இல்லை. அவமதிப்பு எல்லை தாண்டும்போது வெறும் வாக்குவாதமாகத் தேய்கிறது. ஆகவே உயர் நீதிமன்றத்தில் தமிழ் என்னும் கோரிக்கையை மொழிப்பெருமை பேசுவோரிடம் விட்டுவிட முடியாது. அது சாட்சியத்தைக் காக்கும் கோரிக்கை.

இதே நியாயம் மறுபக்கமும் செல்லும். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் இங்கு கூலிவேலைக்கு வரும் தலித்துகளுக்கும் பழங்குடியினருக்கும், தமிழே புரியாத அதிகார மொழி. அவர்கள் சொல்வதை அவர்கள் மொழியிலேயே எழுதி, பின்னர் மொழிபெயர்க்கும் ஏற்பாட்டையும் நாமே கோர வேண்டும்.

நமது கோரிக்கைகள் தெளிவானவை. வசைச்சொற்களைச் சொன்னபடியே மேற்கோள் குறிக்குள் பதிய வேண்டும். இடம், சுற்றி இருந்தோர், நிகழ்வின் வரிசை ஆகியவற்றை எழுத்தர் தனித்தனியாகக் கேட்டு எழுத வேண்டும். வாசித்துக் காட்டியதற்கு ஒலிப்பதிவு வேண்டும். வன்கொடுமை வழக்கு நடவடிக்கைகளை ஒளிப்பதிவு செய்யச் சொல்லும் பிரிவு 15ஏ(10) முழுமையாக நடைமுறைக்கு வர வேண்டும். காவலர், நீதித்துறை அலுவலர் பயிற்சியில் வட்டார வழக்கும், சாதி மொழியில் இயங்கும் விதமும் பாடமாக வேண்டும்.

கல்லூரிகளுக்கும் இதில் வேலை இருக்கிறது. மொழியியல், தமிழ்த்துறை மாணவர்கள் முதல் தகவல் அறிக்கைகளையும் விடுதலைத் தீர்ப்புகளையும் அருகருகே வைத்து, எந்தச் சொல் எந்தக் கட்டத்தில் தொலைந்தது என்று ஆராயலாம். சட்டக் கல்லூரி மாணவர்கள் முறையீட்டாளருடன் காவல் நிலையத்துக்குச் செல்லலாம். புறப்படும் முன்பே, நடந்ததை அவர் சொன்ன சொற்களிலேயே எழுதி, அவருக்கு வாசித்துக் காட்டி, ஒரு படியை அவர் கையிலும் கொடுத்துவிட வேண்டும்.