செவித்திறனியல் மேற்படிப்பும் மஹல்லாவின் பணமும்



ஆடியாலஜி எனப்படும் செவித்திறனியலில் பட்டம் பெற்ற நம் பெண்மக்களுள் சிலர், எம்.எஸ்ஸி. மேற்படிப்புக்குத் தகுதியிருந்தும் பணத்திற்காகத் தயங்கி நிற்கின்றனர். பெற்றோர் வந்து கேட்பது ஒன்றுதான்: "ஹஜ்ரத், வங்கியில் கல்விக்கடன் வாங்கலாமா?" வட்டி ஹராம் என்று சொல்லி அனுப்பிவிடுவது எளிது. ஹராமை ஹராம் என்றே சொல்வோம், அதில் மாற்றமில்லை. ஆனால் ஒரு வாசலை அடைக்கும் சமுதாயம் இன்னொரு வாசலைத் திறந்து வைக்கக் கடமைப்பட்டது. அந்த வாசல் நம் மஹல்லாக்கள் பலவற்றில் இல்லை.

இப்படிப்பை வெறுமனே காதுக்கருவி பொருத்தும் வேலை என்று நினைப்போர் உண்டு. நம்மிடையே நெருங்கிய சொந்தத்துக்குள் மணம் முடிக்கும் வழக்கம் இருக்கிறது; பிறவிச் செவிக்குறைவுக்கு அதுவும் ஒரு காரணம் என்பது மருத்துவர்கள் அறிந்தது. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காக்ளியர் கருவி பொருத்தும் அறுவைச் சிகிச்சை முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் கட்டணமின்றிக் கிடைக்கிறது. ஆயினும் கருவியை அளவிட்டுச் சீராக்கவும், பின்னர் மாதக்கணக்கில் கேட்கவும் பேசவும் பழக்கவும் இத்துறையினர்தாம் வேண்டும். அவர்கள் 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு பெற்றவர்களாகவும் இருத்தல் வேண்டும். மக்தபில் ஸீனையும் ஷீனையும் ஸாதையும் பிரித்தறியாத பிள்ளையைக் கவனமற்றவன் என்று கடிந்துகொள்கிறோம். உயர்ந்த அலைவரிசையில் ஒலிக்கும் அவ்வெழுத்துகள் அவன் செவிக்கு எட்டாமலே இருக்கலாம். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) இஹ்யாவில் மருத்துவத்தைப் பர்ளு கிஃபாயாவாக எண்ணியதோடு, பிக்ஹு படிக்கக் கூட்டமும் மருத்துவம் கற்க ஆளின்மையும் கண்டு வருந்தியிருக்கிறார்.

மேற்படிப்பு இரண்டாண்டு. மைசூரிலுள்ள அகில இந்தியப் பேச்சு மற்றும் கேட்டல் நிறுவனம் மத்திய அரசினுடையது, கட்டணம் குறைவு. ஆனால் நாடெங்கிலுமிருந்து நுழைவுத்தேர்வு எழுதி வருவோருடன் போட்டியிட வேண்டும். தனியார் நிறுவனங்களில் கட்டணமும் விடுதிச் செலவும் சேர்ந்து இலட்சங்களைத் தொடுகின்றன. வங்கிக் கடனில் படிப்புக் காலத்திலும் அதன்பின் ஓராண்டும் தவணை கேட்கமாட்டார்கள். வட்டியோ பணம் கைமாறிய நாளிலிருந்தே ஏறும். டாம்கோ வழியாகக் குறைந்த வருவாயுடைய சிறுபான்மையினருக்கு 3 விழுக்காட்டில் கல்விக்கடன் உண்டு. அதனை நிர்வாகச் செலவு என்று கொள்ளும் அறிஞர்களும் உளர். என் கருத்தில் அதுவும் வட்டியே.

ஜகாத்தைத் தரலாமா? ஹனஃபி மத்ஹபின்படி, வயதுக்கு வந்த பிள்ளை தன்னளவில் ஏழையாயிருப்பின், தந்தை வசதியுடையவராயினும் ஜகாத் பெறலாம். பணத்தை அவர் கையில் உடைமையாகக் கொடுத்துவிட வேண்டும். கடற்கரை ஊர்களில் வாழும் ஷாஃபிஈ மத்ஹபினர் தந்தையின் பராமரிப்பைக் கணக்கில் கொள்வர். அங்கே அவ்வூர் உலமாக்களிடம் கேட்டே முடிவு செய்க. உண்மையில் ஏழைக் குடும்பத்துப் பிள்ளை என்றால் இந்தச் சிக்கலே எழாது.

என் கவலை நடுத்தரக் குடும்பங்களைப் பற்றியது. ஜகாத் பெறும் அளவுக்கு ஏழ்மையில்லை; ஆறு இலட்சத்தை ஒருசேர எடுத்து வைக்க வழியுமில்லை. இவர்களுக்குப் பொருத்தமானது கர்ளன் ஹஸனா எனும் அழகிய கடனே. 30 குடும்பங்கள் தலைக்கு 20,000 ரூபாய் வைத்தால் 6 இலட்சம் சேர்ந்துவிடும். பருவத்திற்குப் பருவம் கட்டணமாகச் செலுத்தலாம். வேலை கிடைத்தபின் மாதம் 10,000 ரூபாய் வீதம் திருப்பினால் ஐந்தாண்டில் கடன் தீரும். தீரத் தீர அப்பணம் அடுத்த மாணவிக்குப் போகும். கடனை எழுதிக்கொள்ளுமாறும், நெருக்கடியில் இருப்பவருக்கு அவகாசம் அளிக்குமாறும் அல்பகரா அத்தியாயம் (2:282, 2:280) அடுத்தடுத்துக் கற்பிக்கிறது. நாமோ எழுதுவதை அவமரியாதையாக எண்ணி, பின்னர் முகம் முறிந்துபோகிறோம்.

"பெண் கட்டிக்கொண்டு போய்விட்டால் யார் திருப்பித் தருவது?" என்பார்கள். கடன் அவள் பெயரில். அவளது மஹரும் ஊதியமும் அவளுடையவை. சாட்சியும் பொறுப்பாளரும் இருக்கிறார்கள். நிக்காஹ் பேசும்போதே மாப்பிள்ளை வீட்டாரிடம் இக்கடனை மறைக்காமல் சொல்லிவிடுவது நலம். கைக்கூலிக்கென்று ஆண்டுக்கணக்கில் நகை சேர்க்கும் பெற்றோர் அதே நகையில் ஒரு பகுதியைக் கட்டணமாக்க ஏன் கூசுகிறார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை. கைக்கூலியைப் போல் திரும்பாமல் போகும் பணமா இது?

இன்னொன்று, நாள்காட்டி பற்றியது. பல ஊர்களில் பைத்துல்மால் பணம் ரமலானில் வசூலாகிப் பெருநாளுக்குள் முழுதும் பங்கிடப்படுகிறது. மேற்படிப்புச் சேர்க்கையோ ஜூன், ஜூலையில் நடக்கிறது. அப்போது பெட்டி காலி. ஆகவே ஷஅபான் மாதக் கூட்டத்திலேயே மாணவியரிடம் விண்ணப்பம் பெற்று, ஜகாத்துக்குரியவர் யார், அழகிய கடனுக்குரியவர் யார் என்று நிர்வாகிகள் பிரித்து வைக்கட்டும். கடன் நிதிக்கு ஜகாத் கணக்கோடு சேராத தனிக் கணக்கும் அன்றே தொடங்கப்படட்டும்.